வலையும் வளையமும்

அக்டோபர் மாதத்து இரவொன்றில், சூரிச் நகரின் வடபாகத்திலுள்ள ஓர்லிகோன் ரயில் நிலையத்தில் வண்டியொன்று புறப்பட்டுப் போய், மேடையில் எஞ்சியிருக்கும் சிற்சிலருடைய காலடியோசையும் அடங்கி, அடுத்த வண்டி வருமுன் சிறிது பொழுது மௌனம் நிலவுமாயின், விளக்குகளின் வெளிச்சம் எட்டாத உயரத்திலிருந்து மெல்லிய, நீண்ட, ஒற்றைக் குரலொன்று காதில் விழும். சற்றே பொறுத்திருந்தால் அது மேற்குத் திசையில் இன்னொரு முறை கேட்கும், பின்னர் கேளாது. வடதேசத்துக் காடுகளில் கோடையைக் கழித்துவிட்டுக் குளிர்காலத்தின் முன்னே தென்மேற்கு நோக்கிச் செல்லும் பூங்குருவி, இருளில் தன் இனத்தோடு தொடர்பு அற்றுப்போகாதிருக்க எழுப்பும் அழைப்பு அது. பகலெல்லாம் பட்சிகளைத் தேடி அலைபவர்களுக்கும் வாய்க்காத ஒரு பாக்கியம், வேலை முடிந்து வீடு திரும்ப வண்டிக்காகக் காத்து நிற்கும் எளிய மனிதனுக்கு இவ்வூரில் எவ்வித முயற்சியுமின்றிக் கிட்டுகிறது.

ஓர்லிகோன், 1934ஆம் ஆண்டில் சூரிச் நகரத்தோடு இணைக்கப்படும்வரை தனியொரு கிராமமாக இருந்தது. 1876இல் இங்கே நிறுவப்பட்ட இயந்திரத் தொழிற்சாலை, வயலும் தோப்புமாயிருந்த ஊரை உலகெங்கும் பெயர் தெரிந்த தொழிற்பேட்டையாக மாற்றிற்று. ஆல்ப்ஸ் மலையைக் கடந்து சென்ற மின்சார ரயில் எஞ்சின்கள் பலவற்றுக்கு மின்பொறிகள் இங்கே உருவாயின. அதன் பக்கத்தில் எழுந்த மற்றொரு தொழிற்சாலையின் வழியாக, விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் பீரங்கிக்கே இவ்வூரின் பெயர் வழங்கலாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் இரு தரப்பாரும் அப்பீரங்கியைக் கையாண்டனர். இத்தகைய ஊரில் பறவைகளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று வாசகர் நினைக்கக்கூடும். பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுகின்ற நிலையம் எதுவும் ஓர்லிகோனில் இல்லை என்பதும் உண்மையே. ஆயினும், பறவையின் பிரயாணத்தை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றை ஆதியிலிருந்து படித்து வருவோமாயின், அதன் சிறந்த அத்தியாயங்கள் சில இவ்வூரைச் சுற்றியே நிகழ்ந்தமையும், கொல்வதற்கென்று செய்த கருவிகளே காலப்போக்கில் அறிவதற்குரிய கருவிகளாக மாறியமையும், அம்மாற்றத்தில் இவ்வூருக்கே ஒரு பங்கு உண்டு என்பதும் புலனாகும். அவ்வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சூரிச் நகரத்தில் பதினாறாம் நூற்றாண்டில் கொன்ராட் கெஸ்னர் என்னும் வைத்தியர் ஒருவர் வாழ்ந்தார். 1516இல் பிறந்து 1565இல் கொள்ளைநோய்க்கு இரையான அப்பெரியார், உலகத்து விலங்குகள் அனைத்தையும் பற்றி முன்னோர் எழுதியவற்றையும், தாமே கண்டவற்றையும், நண்பர்கள் கடிதம் மூலம் அறிவித்தவற்றையும் ஒருங்கு திரட்டிப் பல பெரும் ஏடுகளாக இயற்றினார். அவற்றுள் பறவைகளைப் பற்றியது 1555இல் இந்நகரத்திலேயே அச்சாயிற்று. அவர் காலத்தில் பறவைகளின் போக்குவரவைப் பற்றி ஐரோப்பாவில் நிலவிய அபிப்பிராயங்கள் இன்று நமக்கு வியப்பளிக்கும். குளிர்காலத்தில் தகைவிலான்கள் பொந்துகளில் ஒடுங்கித் துயில்கின்றன என்பதும், கோடையில் காணும் ஒருவகைக் குருவி குளிர்காலத்தில் ராபின் குருவியாக உருமாறுகிறது என்பதும், அரிஸ்டாட்டில் முதலான பேராசிரியர்களின் பெயரால் நூற்றாண்டுக்கணக்கில் நம்பப்பட்டு வந்தன. ஒன்று மறைய மற்றொன்று தோன்றுவதைக் கண்ணால் கண்டவர்கள், ஒன்று போயிற்று, மற்றொன்று வந்தது என்று கொள்ளாமல், ஒன்றே மற்றொன்றாயிற்று என்று கொண்டதில் பெரும் பிழை இல்லை. போவதையும் வருவதையும் இருளே மூடிக்கொண்டிருந்தது.

நம் நாட்டார் இவ்விஷயத்தில் ஓரளவு தெளிவோடிருந்தனர் என்று சொல்லலாம். தெற்கே வந்து வடக்கே மீளும் நாரையிடம் தம் வறுமையை மனைவிக்கு உரைக்குமாறு வேண்டிய சத்திமுத்தப் புலவர், பறவை ஆண்டுதோறும் ஒரு திசையில் போய் மறுதிசையில் திரும்புவது என்பதை ஐயமின்றி அறிந்திருந்தார். ஐரோப்பாவிலோ, அதற்கு மறுக்கமுடியாத சாட்சியொன்று 1822ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. ஜெர்மனியின் வடபாகத்தில் கிளூட்ஸ் என்னும் ஊரருகே சுட்டு வீழ்த்தப்பட்ட நாரையொன்றின் கழுத்தில், ஆப்பிரிக்க மரத்தாலான நீண்ட அம்பொன்று தைத்திருந்தது. அந்த அம்போடு அது ஆயிரக்கணக்கான மைல் பறந்து தன் ஊர் திரும்பியிருந்தது. ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் அந்த நாரையின் உடல் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. சிந்தித்துப் பார்த்தால், பறவையின் உடலில் மனிதன் பொறித்த முதல் முகவரி அந்த அம்புதான். கொல்ல எய்தவன் தன்னை அறியாமலே ஒரு செய்தியை அனுப்பிவிட்டான்.

அம்பு நாரைக்கு, பாடும் சிறு பறவைகளுக்கு வலை. ஆல்ப்ஸ் மலையின் தென்சரிவில், சுவிட்சர்லாந்தின் இத்தாலிய மொழி வழங்கும் திச்சீனோ மாநிலத்திலும் அதை அடுத்த லொம்பார்டியிலும், இலையுதிர்காலத்துச் சிறுபறவைகள் ஏழைக் குடும்பங்களின் உணவாகவும், செல்வர்களின் விருந்தாகவும் இருந்தன. சோளக்களியோடு அவற்றைப் பரிமாறும் வழக்கம் அப்பக்கத்தில் பிரசித்தமானது. அவற்றைப் பிடிக்க அவர்கள் அமைத்த ரோக்கோலோ என்னும் அமைப்பைப் போல நுட்பமான வேட்டைப் பொறி பிறிதொன்று இருக்குமோ என்பது ஐயமே. வலசை செல்லும் வழியிலுள்ள மலைச்சரிவொன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே மரங்களை வட்டமாக நட்டு, பல்லாண்டுகள் கத்தரித்து வளர்த்து, பசுமையான ஒரு மண்டபம்போல ஆக்குவர். மரவரிசைகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலைகள் தொங்கும்; வட்டத்தின் ஓரத்தில், செடிகொடி படர்ந்து மரமோ என மயங்கச் செய்யும் குறுகிய கோபுரமொன்று நிற்கும்; கூடுகளில் அடைபட்ட பறவைகள் உள்ளிருந்து பாடி, மேலே பறந்து செல்லும் இனத்தாரை அழைக்கும். நம்பி இறங்கிய கூட்டம் கிளைகளில் அமர்ந்ததும், கோபுரத்தில் ஒளிந்திருப்பவன் பிரம்பாற் பின்னிய மட்டையொன்றைப் பருந்தின் வேகத்தோடு அவற்றின் தலைமேல் வீசுவான். பருந்துக்கு அஞ்சிய பறவை மேலே எழாது தாழப் பாயும் இயல்புடையது. பாய்ந்த இடமெல்லாம் வலை. பறவையின் நட்பு, பசி, அச்சம் ஆகிய மூன்றையும் கற்றறிந்தவன் அன்றி வேறெவனும் இதை அமைத்திருக்க முடியாது என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவனுடைய கல்வி கொலைக்குப் பயன்பட்டது. ஆயினும் அது கல்வியே.

1875ஆம் ஆண்டில் சுவிஸ் கூட்டாட்சி அரசு வேட்டை, பறவைப் பாதுகாப்பு ஆகியவை குறித்து நாடு முழுமைக்கும் பொதுவான தன் முதற் சட்டத்தை இயற்றிற்று. பாடும் பறவைகள் பாதுகாக்கப்பட்டன. வலையிட்டுப் பறவை பிடிப்பது குற்றமாயிற்று. தலைமுறை தலைமுறையாக அத்தொழிலை நடத்திய தென்பகுதி மக்களுக்கு இது எளிதில் செரிக்கவில்லை. எனினும் காலம் செல்லச் செல்ல ரோக்கோலோக்கள் பாழடைந்தன. வட்டமாக நட்ட மரங்கள் கத்தரிப்பாரின்றி ஓங்கி வளர்ந்தன. கோபுரங்கள் மலைச்சரிவுகளில் தனித்து நின்றன. எல்லைக்கு அப்பால் இத்தாலியில் அத்தகைய வட்டங்கள் சில, பிற்காலத்தில் அதே வலைகளோடு, ஆனால் கொல்லும் நோக்கமின்றி, வளையமிடும் நிலையங்களாக மறுபிறவி எடுத்தன.

கொல்லாமற் பிடித்து என்ன பயன் என்ற வினாவுக்கு விடை கண்டவர் டென்மார்க்கின் விபோர்க் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கொர்னேலியஸ் மோர்ட்டென்சன். 1890இல் அவர் துத்தநாக வளையங்களைச் செய்து பார்த்தார். அவை பறவைக்குக் கனமாயிருந்தன. மனம் தளராமல் ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1899இல், அலுமினியத் தகட்டில் வளையம் செய்து, எண்ணையும் தம் ஊரின் பெயரையும் அதில் பொறித்து, தாம் வைத்த கூடுகளில் அகப்பட்ட ஸ்டார்லிங் பறவைகளின் காலில் பூட்டி விட்டார். பறவை மடிந்தோ பிடிபட்டோ எங்கேயாவது மனிதர் கையில் சேருமாயின், அவ்வெழுத்தைப் படித்து யாரேனும் ஒருவர் அவருக்கு எழுதவேண்டும். அவ்வளவே அவருடைய எதிர்பார்ப்பு. முன்பின் அறியாத மனிதரின் நல்லெண்ணத்தையே அடிப்படையாகக் கொண்டு ஒரு விஞ்ஞான முறையை நிறுவத் துணிந்த அந்த உபாத்தியாயரின் நம்பிக்கையை எண்ணுந்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறது.

அவருடைய முறை விரைந்து பரவிற்று. பால்டிக் கடற்கரையின் மணல்திட்டிலுள்ள ரோசிட்டனில் 1901இல் யோகன்னஸ் தீனெமான் பறவை ஆய்வு நிலையமொன்றை நிறுவி, சில ஆண்டுகளிலேயே வளையமிடலைப் பெருமளவில் தொடங்கினார். வட கடலிலுள்ள ஹெல்கோலாந்துத் தீவின் மக்கள், களைத்து இறங்கும் பூங்குருவிகளைப் பிடித்து உண்ணுவதற்காகப் புதர்களை நட்டு வலையால் மூடி வைப்பது வழக்கமாயிருந்தது; அத்தீவில் அமைந்த நிலையத்தார் அந்தப் புதர்ப்பொறியையே பெரிதாக்கி, பறவைகள் காயமின்றி அகப்படும் கூம்புக்கூண்டாக மாற்றிக்கொண்டனர். இன்றும் உலகெங்கும் அக்கூண்டு அத்தீவின் பெயராலேயே வழங்குகிறது. சுவிட்சர்லாந்தில் வளையமிடும் பணி 1911இல் தொடங்கியது. 1924இல் லுசெர்ன் மாநிலத்தின் செம்பாக் ஏரிக்கரையில் பறவை ஆய்வு நிலையம் எழுந்து, நாட்டு வளையங்களுக்கெல்லாம் தலைமையிடமாயிற்று. அதே 1924ஆம் ஆண்டில்தான் எமில் பியூர்லே என்பார் முன்னே சொன்ன இரண்டாவது ஓர்லிகோன் தொழிற்சாலையை நடத்த வந்து, அதைப் பீரங்கித் தொழிலின் பாதையில் திருப்பினார். ஓரிடத்தில் வளையம், ஓரிடத்தில் பீரங்கி. இரண்டும் சந்திக்கும் காலம் பின்னால் வந்தது.

இனி, அவ்வளையங்கள் பூட்டப்படும் இடங்களுள் தலைசிறந்த ஒன்றுக்குச் செல்வோம். வலே மாநிலத்தில், ஷாம்பெரி என்னும் ஊருக்கு மேலே, பிரெஞ்சு எல்லையின்மேல், ஏறத்தாழ 1,920 மீட்டர் உயரத்தில் பிரெத்தோலே என்னும் கணவாய் இருக்கிறது. வடகிழக்கிலிருந்து ஆல்ப்ஸ் மலையோரமாக வரும் பறவைகள் பள்ளத்தாக்குகளின் போக்கிலே நெருக்கப்பட்டு, உயர்ந்த சிகரங்களைத் தவிர்த்துத் தாழ்ந்த வாயிலைத் தேடுகையில், புனலில் வார்த்த நீர் அதன் குழாயில் வந்து சேர்வது போல, இக்கணவாயில் திரள்கின்றன. 1950களிலிருந்து இங்கே இலையுதிர்காலந்தோறும் வலைகள் விரிக்கப்பட்டு வருகின்றன. செம்பாக் நிலையத்தின் பொறுப்பில், கோடையின் இறுதி தொடங்கி அக்டோபர் வரை, வேலை இரவும் பகலும் நடைபெறுகிறது. அதைச் செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சம்பளத்துக்கு வந்தவர் அல்லர். மாணவர்களும், ஆசிரியர்களும், ஓய்வு பெற்ற முதியோரும், தத்தம் விடுமுறை நாட்களைக் கொடுத்து, மலைக்குடிசையில் தங்கித் தொண்டு செய்கின்றனர்.

அவர்கள் கையாளும் வலை ஜப்பானியருடையது. அந்நாட்டு வேடர் பல நூற்றாண்டுகளாகப் பட்டுநூலால் பின்னிய அவ்வலையைப் பனிமூட்ட வலை என்றே அழைத்தனர். மரத்தின் நிழலையொட்டி அதைக் கட்டினால் பறவையின் கண்ணுக்கும் மனிதனின் கண்ணுக்கும் அது தெரியாது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் அது ஆராய்ச்சியாளர்களின் கைக்கு வந்து, செயற்கை நூலால் நெய்யப்பட்டு, உலகெங்குமுள்ள வளையமிடும் நிலையங்களுக்கு இன்றியமையாததாயிற்று. வலையின் குறுக்கே இழுத்துக் கட்டிய தாங்குநூல்களின் மேல் வலை தளர்ந்து பைபோலத் தொங்கும். பறந்து வந்து மோதிய பறவை அந்தப் பையில் மென்மையாக விழுந்து கிடக்கும்.

புதிதாக வரும் தொண்டர் முதலிற் கற்பது வலையிலிருந்து பறவையை எடுக்கும் வித்தையை. எந்தப் பக்கத்திலிருந்து பறவை நுழைந்ததோ அந்தப் பக்கத்திலேயே நின்று, முதலில் காலை விடுவித்து, பிறகு சிறகை, கடைசியில் தலையை விடுவிக்கவேண்டும். அவசரப்பட்டால் சிக்கல் கூடும், தயங்கினால் பறவை குளிரில் வாடும். ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கழுத்து அமைய, உள்ளங்கை சிறகுகளை அணைத்திருக்க, இறுக்கமும் தளர்ச்சியும் அன்றிப் பிடிக்கும் முறை, சொல்லி விளக்கக் கூடியதன்று, கைப்பழக்கத்தால் வருவது. எடுத்த பறவையைத் துணிப்பையிலிட்டுக் குடிசைக்குக் கொணர்ந்தால், உரிமம் பெற்ற வளையமிடுபவர் அதன் இனம், வயது, பால் இவற்றைச் சிறகின் நிறத்தாலும் உதிர்ந்து முளைத்த இறகுகளின் வேறுபாட்டாலும் கண்டறிந்து, இடுக்கியால் வளையத்தைப் பூட்டுகிறார். சிறகின் நீளம் அளக்கப்படுகிறது. மார்பின் மேலுள்ள மெல்லிறகுகளை வாயால் ஊதி விலக்கி, தோலின் கீழே மஞ்சளாகத் தெரியும் கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று மதிப்பிடப்படுகிறது. ஏனெனில் அக்கொழுப்பே வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு. பின்னர் எடை. சிறு பறவையின் கால்வளையம் ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்குகூட இராது. அதைச் சுமக்கும் பறவையோ சில வேளைகளில் ஐந்தாறு கிராமே நிறையுள்ளது. எல்லாம் பதிவேட்டில் ஏறியபின், சாளரத்துக்கு வெளியே நீட்டிய கை விரிகிறது.

வலையைச் சுற்றிவருவது பகலிலும் உண்டு, இரவிலும் உண்டு. மூடுபனி கணவாயை நிறைக்கும் இரவுகளில், தலையில் கட்டிய விளக்கோடு ஈரப்புல்லில் வழுக்கி நடந்து ஒவ்வொரு வலையாகத் தடவிப் பார்க்கவேண்டும். சில ஆண்டுகளில், வடகாடுகளில் விதைகள் பொய்த்தமையால், பட்டாணிக்குருவிகள் திரள்திரளாகப் புறப்பட்டு வருவதுண்டு. அப்பொழுது உண்ணவும் நேரமிராது. காற்று எதிர்த்தடிக்கும் நாட்களில் ஒரு பறவையும் வாராது. அப்பொழுதும் வலைகளைப் பார்க்கத்தான் வேண்டும். வராத நாளும் பதிவேட்டில் ஏறுகிறது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து அப்பதிவேடுகளை ஒப்பிடுவோருக்கு, எந்த இனம் பெருகிற்று, எது அருகிற்று, எது முன்னிலும் பிந்திப் புறப்படுகிறது என்பதெல்லாம் அப்பக்கங்களிலிருந்தே விளங்குகின்றன. தம் காலத்தில் விடை கிடைக்காத வினாவுக்காக இன்று குளிரில் நடப்பவர்களின் சிரத்தைக்கு எதை ஈடாகச் சொல்வது?

வளையம் அனைத்தையும் சொல்லிவிடுவதில்லை. சிறு பறவைகளில் நூறு வளையத்துக்கு ஒன்றுகூட மீண்டும் செய்தி தருவதில்லை. ஆயினும் அச்சிறு தொகையே பெரும் உண்மைகளை வெளியிட்டிருக்கிறது. மத்திய ஐரோப்பாவின் கருந்தொப்பிக் கதிர்க்குருவி குளிர்காலத்தில் தெற்கே செல்வது என்று நம்பியிருந்த காலத்தில், பிரிட்டனில் கிடைத்த சில வளையங்கள், அவ்வினத்தில் ஒரு பகுதி வடமேற்கே செல்லப் பழகிவிட்டது என்று அறிவித்தன. பிறகு கூண்டில் வளர்த்துச் செய்த சோதனைகளால், செல்லும் திசை தாய் தந்தையரிடமிருந்து குருதிவழி வருவது என்பதும் நிரூபணமாயிற்று. யார் எங்கே போனார் என்று வளையம் சொல்லும். எத்தனை பேர், எவ்வளவு உயரத்தில், எந்தக் காற்றோடு போனார்கள் என்று அதனாற் சொல்ல இயலாது. அதிலும், பாடும் பறவைகளில் பெரும்பான்மையானவை இரவிலேயே பறப்பவை. அந்த இருளைத் திறந்து பார்த்த முதற் கண்களுள் ஒன்று ஓர்லிகோனுக்கு அண்டையில் இருந்தது.

ஓர்லிகோனிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிளோட்டனில் 1948இல் சூரிச்சின் விமான நிலையம் திறக்கப்பட்டது. அங்கு நிறுவிய ராடாரின் திரையில், இலையுதிர்காலத்து இரவுகளில், எந்த விமானத்துக்கும் உரியதல்லாத புள்ளிகள் கூட்டங்கூட்டமாகத் தோன்றி, ஒரே திசையில் ஊர்ந்தன. வேறிடங்களில் இத்தகைய புள்ளிகளைக் கண்ட ராடார்க்காரர்கள் அவற்றைத் தேவதூதர் என்று அழைத்ததுண்டு. 1950களின் நடுப்பகுதியில் எர்ன்ஸ்ட் சுட்டர் என்னும் சுவிஸ் பறவை ஆராய்ச்சியாளர் கிளோட்டன் திரையின் முன் அமர்ந்து, அவை வலசை செல்லும் பறவைகளே என்பதையும், அவை மலையோரமாகத் தென்மேற்கு நோக்கி ஓடுகின்றன என்பதையும் கண்டு வெளியிட்டார். ஊர் உறங்கும் வேளையில் ஊரின் மேலே எத்தகைய பெருவெள்ளம் பாய்கிறது என்பது அப்போது முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்த அத்தியாயம் ஓர்லிகோனுக்கே உரியது. ஓர்லிகோன் பீரங்கிக் குழுமத்தைச் சேர்ந்த கொன்ட்ராவெஸ் என்னும் நிறுவனம், விமான எதிர்ப்புப் பீரங்கியைக் குறிதப்பாமல் இயக்குவதற்காக ஒரு ராடாரைச் செய்தது. ஒரு வண்டியின் மேல் ஏற்றி எங்கும் கொண்டுசெல்லத் தக்க அப்பொறிக்கு ‘சூப்பர் ஃப்ளேடர்மவுஸ்’ என்று பெயர். ஜெர்மன் மொழியில் ஃப்ளேடர்மவுஸ் என்றால் வௌவால். இருளில் பறக்கும் இலக்கு ஒன்றைப் பற்றிக்கொண்டால், அது எங்கு திரும்பினும் கூடவே திரும்பி, அதன் தொலைவையும் உயரத்தையும் வேகத்தையும் பீரங்கிக்குச் சொல்லிக்கொண்டிருப்பது அதன் வேலை. 1968 முதல் செம்பாக் நிலையத்தின் புரூனோ புரூடெரரும் அவர் தோழர்களும் அதே ராடாரைப் பறவைகளின் பக்கம் திருப்பினர். விமானத்தை வீழ்த்தப் பிறந்த கண், இருபது கிராம் நிறையுள்ள பறவையைப் பற்றிக்கொண்டு பின்தொடர்ந்தது. எதிரொலியின் ஏற்ற இறக்கத்தில் சிறகடிப்பே பதிவாயிற்று. இடைவிட்டு இடைவிட்டுச் சிறகடிப்பது பாடும் பறவை என்றும், ஓயாது அடிப்பது நீர்க்கரைப் பறவை என்றும் பிரித்தறிய முடிந்தது. பலூன்களை விட்டு அவற்றையும் பின்தொடர்ந்து, பறவை பறந்த உயரத்தில் வீசிய காற்றையும் அளந்தார்கள்.

அவ்வௌவால் சுவிட்சர்லாந்தோடு நிற்கவில்லை. மத்தியதரைக் கடற்கரைகளுக்கும், இஸ்ரேலின் நெகேவ் பாலைக்கும், பின்னர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மௌரித்தானியாவின் சஹாராப் பாலைக்கும் அது சென்றது. சஹாராவைச் சிறுபறவைகள் எங்கும் இறங்காமல் ஒரே மூச்சில் கடக்கின்றன என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. சுவிஸ் ஆராய்ச்சியாளர்கள் அங்கே கண்டது வேறு: அவற்றில் பெரும்பாலானவை இரவில் பறந்து, பகலில் பாறை நிழலிலும் புதரடியிலும் இறங்கி ஒதுங்கி, மீண்டும் இருட்டியதும் எழுந்து செல்கின்றன. பிரெத்தோலேயில் விரலிடுக்கில் இருந்த பறவை, பாலைவனத்தை ஒரே பாய்ச்சலில் அன்றி, ஒவ்வோர் இரவாகப் பொறுத்துக் கடக்கிறது என்று நமக்குச் சொன்னது, ஓர்லிகோன் பீரங்கிக்கென்று செய்த கருவி.

இவ்வாறு வேட்டைக்காரனின் கல்வி பாதுகாப்பவனின் கல்வியாக மாறிய வரலாறு நம் தேசத்திலும் நடந்தது. வேடர் ஊர் என்னும் பொருளில் பெயர் பெற்ற வேடந்தாங்கலின் மக்களே தம் ஏரிப் பறவைகளைச் சுடலாகாது என்று ஆட்சியாளரிடம் முறையிட்டுப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாதுகாப்புப் பெற்றனர். 1929-30ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் பயின்ற சாலிம் அலி, ஹெல்கோலாந்துத் தீவுக்குச் சென்று வளையமிடலை நேரிற் கற்று வந்தார். 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், 1959 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு அப்பணியை விரிவாகத் தொடங்கியபோது அவருக்கு வேண்டியிருந்தது, பறவைகளை உயிரோடு காயமின்றிப் பிடிக்கத் தெரிந்த கைகள். அக்கைகளைப் பீகாரின் மீர்ஷிகார் மக்களிடம் கண்டார். பறவை பிடித்து விற்பதையே குலத்தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் அவர்கள். அவர்களுள் அலி ஹுசைன் என்பவருடைய கைத்திறனை அறியாத பறவை ஆராய்ச்சியாளர் இந்தியாவில் அரியர்.

நாகப்பட்டின மாவட்டத்துக் கோடியக்கரை அப்பணியின் தமிழ்நாட்டுத் தலைநகரம் ஆயிற்று. வேதாரண்யத்துக்குத் தெற்கே கடல் இருபுறமும் சூழ நிலம் முடியும் அந்த முனையில், 1967இல் சரணாலயம் ஏற்பட்டது. வடகிழக்குப் பருவக்காற்றோடு வரும் உள்ளான்களும் பூநாரைகளும் அதன் உப்பங்கழிகளை நிறைப்பது யாவரும் அறிந்ததே. ஆனால் உலர் பசுமைமாறாக் காட்டுக்குள், ஐப்பசி மாதத்து விடியலில், ஆறுமணிக்குருவியும், அரசவால் ஈப்பிடிப்பானும், காட்டு வாலாட்டியும், கதிர்க்குருவிகளும் களைத்து இறங்குவதையும், அவற்றுட் சில அடுத்த இரவில் கடலைத் தாண்டி இலங்கை நோக்கி எழுவதையும் அறிந்தவர் சிலரே. அங்கே கட்டப்படும் வலையும், துணிப்பையும், இடுக்கியும், பதிவேடும் பிரெத்தோலேயில் உள்ளவையே. செம்பாக்கின் வளையத்தில் ‘ஹெல்வெத்தியா’ என்று பொறித்திருக்கும். கோடியக்கரை வளையத்தில் பம்பாய்க் கழகத்தின் பெயர் பொறித்திருக்கும். உள்ளங்கையின் பிடி ஒன்றுதான்.

ஓர்லிகோனுக்கே மீள்வோம். கெஸ்னர் தம் நூலில் மிகச் சிறப்பாக வருணித்த பறவைகளுள் ஒன்று வால்ட்ராப் என்னும் மொட்டைத்தலை அரிவாள்மூக்கன். அதன் குஞ்சுகள் சுவைமிக்க உணவாகக் கருதப்பட்டன; பதினேழாம் நூற்றாண்டில் அப்பறவை ஆல்ப்ஸ் பிரதேசத்திலிருந்து அற்றுப்போய், பிற்காலத்து அறிஞர் சிலர் அப்படி ஒரு பறவை இருந்ததா என்றே ஐயுறும் நிலைமை ஏற்பட்டது. நம் காலத்தில் அதை மீண்டும் வளர்க்க முனைந்தவர்கள், வழி மறந்துபோன இளம் பறவைகளுக்குச் சிறு விமானத்தில் முன்னே பறந்து தெற்கே செல்லும் பாதையைக் கற்பித்தார்கள். 2023ஆம் ஆண்டில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் விடப்பட்ட கூட்டத்திலிருந்து வந்த ஓர் இணை, விமான நிலையத்தின் பக்கத்தே, ஓர்லிகோனிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள ரூம்லாங்கில், கட்டடம் ஒன்றில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. சுவிட்சர்லாந்தில் நானூறு ஆண்டுகளுக்குப் பின் அதுவே முதல் ஈடு. கெஸ்னரின் நூல் அச்சான நகரத்தின் அருகிலேயே, அவர் வருணித்த பறவை திரும்பி வந்து தன் பக்கத்தை மீண்டும் திறந்துகொண்டது.

இவ்வூரிலும் இதைச் சுற்றிய பகுதிகளிலும் வாழும் தமிழ் மக்களுக்கு ஒரு விண்ணப்பம் செய்து இக்கட்டுரையை முடிக்க விரும்புகிறேன். கணவாய்க்குச் சென்று வாரக்கணக்கில் தொண்டாற்ற எல்லாருக்கும் வாய்ப்பு இராது. விடுமுறை அரிதாகக் கிட்டும் குடும்பங்களின் நிலைமை யாவரும் அறிந்ததே. ஆனால் அலுவலகத்தின் கண்ணாடிச் சுவரின் கீழேயோ, ரயில் பாதையின் ஓரத்திலோ, பால்கனியிலோ, மோதி மடிந்த சிறு பறவையொன்றைக் காண்பது இங்கே அரிதன்று. அதைக் குப்பையோடு கூட்டித் தள்ளுமுன் குனிந்து அதன் காலைப் பாருங்கள். மெல்லிய அலுமினிய வளையம் அங்கிருந்தால், அதன் எழுத்துகளையும் எண்ணையும், கண்ட இடத்தையும், தேதியையும் குறித்துச் செம்பாக்குக்கு எழுதுங்கள். அப்பறவை எங்கே, எந்த நாளில், எந்தத் தொண்டரின் கையிலிருந்து பறந்தது என்பதை அவர்கள் உங்களுக்குத் தெரிவிப்பார்கள். யாரோ ஒருவர் படித்து எழுதுவார் என்று 1899இல் விபோர்க் நகரத்து உபாத்தியாயர் எதிர்பார்த்திருந்தாரே, அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.